சிலிண்டருக்குப் பின்னாடி சுழல் வரவே மாட்டேங்குது, ரெனால்ட்ஸ் நம்பர் 100, எங்க தப்பு பண்றேன்?

சுழல்தேடி:
எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறேன். வகுப்புல சிஎஃப்டின்னா (ஓட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறது) ஈக்குவேஷனோட நின்னுடுச்சு, அதனால அதுக்கான ஓப்பன்ஃபோம் சாஃப்ட்வேரை நானே உக்காந்து கத்துக்கிறேன். முதல்ல கேவிட்டி கேஸ் (மேல் மூடி மட்டும் நகர்ற பெட்டிக்குள்ள ஓட்டம்) பண்ணினேன், ரெனால்ட்ஸ் நம்பர் (வேகம் பெருக்கல் அளவு வகுத்தல் விஸ்காசிட்டி) 100-க்கு நடுக்கோட்டுல வேகத்தை எடுத்து 1982-ல கியா குழு கொடுத்த டேபிளோட வச்சுப் பார்த்தேன், அவங்களுக்கு அதிகபட்ச எதிர்வேகம் மைனஸ் 0.211, எனக்கு மைனஸ் 0.208. அன்னைக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு.

அடுத்து சிலிண்டர் எடுத்தேன், அங்கதான் மாட்டிக்கிட்டேன். விட்டம் 1 மீட்டர், வேகம் வினாடிக்கு 1 மீட்டர், கைனமேட்டிக் விஸ்காசிட்டி 0.01, அப்போ ரெனால்ட்ஸ் நம்பர் 100. இந்த நம்பருக்கு கார்மன் சுழல் வரிசை வரணும், அதாவது சுழல் மேலயும் கீழயும் மாறி மாறி உதிர்ந்து போகணும். எனக்கு சிலிண்டருக்குப் பின்னாடி மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு சுழல் ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்குது, கிட்டத்தட்ட ஒரு விட்டம் நீளம், கண்ணாடில பார்த்த மாதிரி மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருக்கு.

மெஷ்ல (ஓட்டப் பகுதியைப் பிரிச்ச கட்டங்கள்) செல் எல்லா இடத்துலயும் சுமார் 0.1 மீட்டர், டைம் ஸ்டெப் 0.05 வினாடி, கூரன்ட் நம்பர் (ஒரு டைம் ஸ்டெப்ல ஓட்டம் எத்தனை செல் தாண்டுதுங்கிறது) 1-ஐத் தாண்டல, மேல கீழ பவுண்டரி சிலிண்டர் மையத்துல இருந்து 3 விட்டம் தூரம். 20 வினாடி ஓட்டினேன். ரெசிடுவல் (ஈக்குவேஷன்ல தீராம மிச்சம் நிக்கிறது) எல்லாம் 0.000001-க்கு கீழ போயிடுச்சு, சூப்பரா கன்வர்ஜ் ஆகுது! முதல் தடவை லீனியர் ஸ்கீம் (ரெண்டு பக்கச் செல்லையும் வச்சு இடைமதிப்பு எடுக்கிறது) போட்டப்ப வேகம் ரம்பப் பல்லு மாதிரி நெளிஞ்சுது, அதனால அப்விண்ட் (ஓட்டம் வர்ற பக்கத்துச் செல்லோட மதிப்பை மட்டும் எடுக்கிறது) மாத்திட்டேன், அப்புறம்தான் ஸ்டேபிளா ஓடுது. ரெண்டு வாரமா இதுலயே இருக்கேன், யாராவது வழி காட்டுங்க.

காற்றுப்பாதை:
ப்ரோ, டர்புலன்ஸ் மாடல் ஆன் பண்ணிப் பாருங்க, கே எப்சிலான் போட்டா சுழல் வரும்னு நினைக்கிறேன்.

மெஷ்அக்கா:
அதைப் போடாதீங்க தம்பி. ரெனால்ட்ஸ் 100-ல ஓட்டம் சுத்தமான லாமினார், கலங்காம அடுக்கடுக்கா போறது. டர்புலன்ஸ் மாடல் செய்ற வேலையே எடி விஸ்காசிட்டின்னு கூடுதல் விஸ்காசிட்டி சேர்க்கிறதுதான், உங்க கேஸ்ல ஏற்கனவே விஸ்காசிட்டி அளவுக்கு மீறி இருக்கு, அதுதான் நோயே.

எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்பீங்க. நீங்க மாத்தின அந்த அப்விண்ட்தான். முதல் ஆர்டர் அப்விண்ட்ல டெய்லர் விரிவை எழுதிப் பாருங்க, வெட்டி விடுற முதல் டெர்ம் அச்சு அசலா டிஃப்யூஷன் டெர்ம் மாதிரியே நிக்கும், அதோட கெழு வேகம் பெருக்கல் செல் அளவு வகுத்தல் 2. உங்க நம்பரைப் போட்டா 1 பெருக்கல் 0.1 வகுத்தல் 2, அதாவது 0.05. நீங்க கொடுத்த உண்மையான விஸ்காசிட்டி 0.01. ஸ்கீம் மட்டுமே அஞ்சு மடங்கு சேர்த்துடுச்சு! டைம் ஸ்கீமும் ஆய்லர்தானே? இம்ப்ளிசிட் ஆய்லர்ல வேகத்தோட வர்க்கம் பெருக்கல் டைம் ஸ்டெப் வகுத்தல் 2, அது இன்னொரு 0.025. எல்லாம் கூட்டினா 0.085, அப்போ உங்க சால்வர் உண்மையில ஓட்டிக்கிட்டு இருக்கிற ரெனால்ட்ஸ் நம்பர் 12 பக்கம். சுழல் உதிர ஆரம்பிக்கிறதே சுமார் 47-லதான். உதிரலன்னு சால்வர் சொல்றது அது பார்க்கிற திரவத்துக்கு சரியான விடை.

இது தோராயக் கணக்குதான், ஓட்டத் திசையில மட்டும் போட்டது, சிலிண்டருக்குப் பின்னாடி வேகமும் குறைவு. ஆனா உங்க படமும் இதைத்தான் சொல்லுது. ஒட்டிக்கிட்டு நிக்கிற சுழல் ஒரு விட்டம் நீளம்னு சொன்னீங்க இல்லையா, அது ரெனால்ட்ஸ் 20 வாக்குல வர்ற நீளம். 100-க்கான படம் இல்லவே இல்ல.

இன்னொண்ணு, ரெசிடுவலைப் பார்த்து சந்தோஷப்பட்டுடாதீங்க. சுழல் உதிர்ற ஓட்டம்னா ஒவ்வொரு டைம் ஸ்டெப்லயும் வேகம் மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஸ்டெப்போட ஆரம்ப ரெசிடுவல் அவ்ளோ கீழ போகவே போகாது. அது 0.000001-க்கு இறங்கினதே "இங்க எதுவும் மாறல"ங்கிற சேதிதான். நான் மாஸ்டர்ஸ் பண்ணும்போது இதே கிராஃபை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஒட்டிக் கொடுத்தேன், கைடு ஒரே ஒரு கேள்வி கேட்டார், "இது எந்த ஈக்குவேஷனுக்குக் கன்வர்ஜ் ஆச்சு?" அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல, அதனாலதான் இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

சுழல்தேடி:
அக்கா, இப்படி யாரும் சொல்லித் தரல, ரொம்ப நன்றி. நோட்டுல அந்த டெய்லர் விரிவைப் போட்டுப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே டெர்ம் வந்துச்சு. ஆனா லீனியருக்குத் திரும்பினா மறுபடி நெளியுமே, என்ன பண்றது?

மெஷ்அக்கா:
நெளிஞ்சதுக்கும் காரணம் அதே செல் அளவுதான். வேகம் பெருக்கல் செல் அளவு வகுத்தல் விஸ்காசிட்டி, இதுதான் செல் பெக்லே நம்பர், உங்களுக்கு 10. லீனியர் ஸ்கீம் 2-க்கு மேல போனாலே நெளிய வாய்ப்பு உண்டு. செல்லை 0.02 ஆக்கினா சரியா 2-க்கு வந்துடும். எல்லா இடத்துலயும் அவ்ளோ சின்னதா வேண்டாம், சிலிண்டரைச் சுத்தி 0.02, பின்னாடி வேக் பகுதில 0.04 வரைக்கும் மெல்லப் பெருசாக்குங்க, திடீர்னு தாவ வேண்டாம். கன்வெக்‌ஷனுக்கு லீனியர் அப்விண்ட், அது செகண்ட் ஆர்டர். டைமுக்கு ஆய்லரை எடுத்துட்டு பேக்வேர்டு, டைம் ஸ்டெப் 0.01.

பம்ப்ரூம்:
அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோ தம்பி, 20 வினாடி பத்தவே பத்தாது. ஸ்ட்ரூஹால் நம்பர் (உதிர்ற அதிர்வெண் பெருக்கல் விட்டம் வகுத்தல் வேகம்) இங்க 0.165 வாக்குல, அப்போ ஒரு சுழற்சிக்கே 6 வினாடி ஆகும், நீ மூணு சுழற்சி நேரம்தான் கொடுத்திருக்கே. மெஷ்ஷும் ஆரம்ப நிலையும் மேலயும் கீழயும் ஒரே மாதிரி இருந்தா அது உடையறதுக்கே ரொம்ப நேரம் பிடிக்கும், ரவுண்ட் ஆஃப் பிழைல இருந்து வளர்ந்து வரணும். ஆரம்ப மதிப்பு வைக்கிற செட்ஃபீல்ட்ஸ் டூலை வச்சு சிலிண்டருக்குப் பின்னாடி ஒரு சின்னப் பகுதில குறுக்கு வேகம் 0.1 கொடுத்து ஆரம்பி, 200 வினாடி ஓட்டு. முடிவுல வர்ற விடையை அது மாத்தாது, சீக்கிரம் கிளப்பி விடும் அவ்ளோதான்.

இந்த ஸ்ட்ரூஹால் நம்பர் வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காத்துல கம்பி ஏன் பாடுதுன்னு 1878-ல ஒரு மனுஷன் அளந்து பார்த்தாரு, அவர் பேர்தான் அது. நீ இப்ப கணக்குப் போடுறது அந்தக் கம்பியோட சுருதியை.

சுழல்தேடி:
வந்துடுச்சு!!! 50-வது வினாடி வாக்குல வேக் லேசா ஆட ஆரம்பிச்சுது, கொஞ்ச நேரத்துல மேல ஒண்ணு கீழ ஒண்ணு உதிர்ந்து போறது, ரிசல்ட்டைப் படமா காட்டுற பாராவியூல அப்படியே தெரிஞ்சுது, ராத்திரி ஒரு மணிக்கு ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன். ஆனா நம்பர் இடிக்குது. லிஃப்ட் (சிலிண்டர் மேல குறுக்கா வர்ற விசை) கிராஃப்ல 10 சுழற்சிக்கு 55.6 வினாடி, அப்போ ஸ்ட்ரூஹால் 0.18. சராசரி டிராக் (ஓட்டத் திசையில இழுக்கிற விசை) கெழுவும் 1.5 வருது, பாக்குற இடத்துல எல்லாம் 1.33, 1.35ன்னுதான் போட்டிருக்கு.

பம்ப்ரூம்:
பவுண்டரி 3 விட்டத்துலன்னு சொன்னியே, அதைப் பாரு. மொத்த உயரம் 6, அதுல சிலிண்டர் 1, ஆறுல ஒரு பங்கு வழியை அதுவே அடைச்சுக்கிட்டு நிக்குது. மீதி இடுக்குல தண்ணி வேகமெடுத்துதானே போகணும், அதனால டிராக்கும் ஏறும் உதிர்ற வேகமும் ஏறும். மேலயும் கீழயும் 10 விட்டம் கொடு, அவுட்லெட்டைப் பின்னாடி 20, 25 விட்டம் தள்ளு. தூரத்துல செல் பெருசா இருந்தா போதும், ரொம்ப நேரம் கூடாது.

சுழல்தேடி:
மாத்திட்டேன் அண்ணா. 10 சுழற்சிக்கு 61 வினாடி, ஸ்ட்ரூஹால் 0.164, டிராக் 1.34. செல்லைப் பாதியாக்கியும் ஒரு தடவை ஓட்டினேன், மூணாவது தசமத்துலதான் மாறுது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். லிஃப்ட் ஒரு தடவை மேல போய் கீழ வர்றதுக்குள்ள டிராக் ரெண்டு தடவை ஏறி இறங்குது, ஆட்டமும் ரொம்பச் சின்னது. இது தப்பா?

மெஷ்அக்கா:
தப்பே இல்ல, சரியா வந்திருக்கு. ஒரு சுழற்சில மேல் சுழல் ஒண்ணு, கீழ் சுழல் ஒண்ணு உதிருது. லிஃப்டுக்கு எந்தப் பக்கம்ங்கிறது முக்கியம், மேல உதிர்ந்தா ஒரு திசை, கீழ உதிர்ந்தா எதிர்த் திசை. டிராக்குக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், எது உதிர்ந்தாலும் பின்பக்க அழுத்தம் அதே மாதிரிதான் ஏறி இறங்கும், அதனால ரெண்டு தடவை. லிஃப்டோட உச்சம் 0.33 பக்கத்துல இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

சுழல்தேடி:
0.329 அக்கா.