லேப்டாப்பில் சார்ஜ் ஏறவே இல்லை, திங்கட்கிழமை வைவா, அவசரம்

பாளை_பையன் (சனி இரவு 9.40)
சார்ஜர் மாட்டினா லேப்டாப் ஓடுது, ஆனா சார்ஜ் ஏறல. 6%-லயே நிக்குது. பிடுங்கினா ரெண்டு நிமிஷத்துல ஆஃப். கடையில காட்டினேன், பேட்டரி போச்சு, புதுசுக்கு 3,500 ரூபாய்னு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை காலையில ப்ராஜெக்ட் வைவா. பேட்டரி மாத்தியே ஆகணுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மின்மினி
வாங்கி எத்தனை வருஷம், விண்டோஸா லினக்ஸா, பேட்டரி ஒரிஜினலா? எதுவுமே சொல்லலையே தம்பி. முதல்ல லேப்டாப்பை மேசையில வச்சு, அடிமூடி உப்பியிருக்கா, டச்பேட் மேலே தூக்கியிருக்கான்னு பாருங்க. உப்பியிருந்தா சார்ஜரைப் பிடுங்கி வச்சிடுங்க, வேற எதையும் சோதிக்க வேண்டாம்.

யாழ்_நிலவன்
சார்ஜர்ல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாருங்கோ. எத்தினை வோல்ட், எத்தினை ஆம்பியர் எண்டு இருக்கும். லேப்டாப்புக்கு அடியில என்ன போட்டிருக்கு எண்டும் சொல்லுங்கோ. 65 வாட் கேக்கிற மெஷினுக்கு 45 வாட் குடுத்தாலும் இப்பிடி நடக்கும்.

குமரன்77
பேட்டரி ஆயுளைக் காப்பாத்த 60 இல்லைன்னா 80%-ல சார்ஜை நிறுத்துற செட்டிங் ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருக்கான்னு பாருங்க. எனக்கு அதுதான் ஆச்சு.

மின்மினி
அவருக்கு நிக்கிறது 6%-ல, குமரன்.

பழைய_சர்க்யூட்
இதே கேள்வி மாசத்துக்கு நாலு தடவை வருது. கேட்கிறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்குமே இல்லை. பிடுங்கினா அணையுதுன்னா செல் செத்துடுச்சு. இருபது வருஷமா போர்டு பார்க்கிறவன் சொல்றேன், பேட்டரியை மாத்துங்க. 24 மணி நேரமும் சார்ஜர்லயே போட்டு வச்சா வேற என்ன ஆகும்? மாசம் ஒரு தடவையாவது சுத்தமா இறக்கி ஏத்தணும்.

பாளை_பையன்
4 வருஷம் ஆச்சு. விண்டோஸ் 10. உப்பல. பேட்டரி, சார்ஜர் ரெண்டும் கூடவே வந்தது. ரெண்டு லேபிள்லயும் 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர்னு இருக்கு. கடைக்காரர் மீட்டர் வச்சுப் பார்த்தார், 19.5 சரியா வந்துச்சு, அதனால சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. சிஸ்டம் வேற ரெண்டு நாளா ரொம்ப ஸ்லோ, அது வேற பிரச்சினை.

குமரன்77
ஸ்லோன்னா வைரஸா இருக்கும். ஸ்கேன் போடுங்க.

மின்மினி
சர்க்யூட் அண்ணே, மாசாமாசம் சுத்தமா இறக்கச் சொல்றது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். சோனி 1991-ல லித்தியம் அயனைச் சந்தைக்குக் கொண்டுவந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. முழுசா இறக்காம ஏத்தினா கொள்ளளவு குறையுற அந்த ஞாபகக் கோளாறு, இப்ப லேப்டாப்ல இருக்கிற லித்தியத்துக்குக் கிடையாது. அடியோட இறக்கினா அதுக்குக் கெடுதல்தான்.

பழைய_சர்க்யூட்
புத்தகத்துல படிச்சதை வச்சுப் பேசாதீங்க. இறக்கி ஏத்தினதும் சரியான பேட்டரியை என் கண்ணால பார்த்திருக்கேன்.

மின்மினி
அங்க சரியானது செல் இல்லை, சதவீதத்தைக் கணக்குப் போடுற சில்லு. வருஷத்துல ஒண்ணு ரெண்டு தடவை அதுக்காகச் செய்யலாம், ஒத்துக்கிறேன். மாசாமாசம் வேண்டாம். இன்னொண்ணு, 5%-க்கு வந்ததும் விண்டோஸ் தானே ஹைபர்னேட்டுக்குப் போயிடும், அதாவது திறந்திருக்கிற வேலையைச் சேமிச்சிட்டு அணைஞ்சிடும். 6%-ல இருக்கிறதைப் பிடுங்கினா ரெண்டு நிமிஷத்துல அணையத்தான் செய்யும். அதை வச்சு செல் செத்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?

தம்பி, நீங்க கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பேட்டரி ரிப்போர்ட் எடுங்க. அதுல டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல எவ்வளவு பிடிக்கும்), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்ப எவ்வளவு பிடிக்குது)ன்னு ரெண்டு எண் இருக்கும், அதை இங்கே போடுங்க.

யாழ்_நிலவன்
சண்டையை விடுங்கோ, பெடியனுக்குத் திங்கக்கிழமை வைவா. தம்பி, சார்ஜர் முனையில நடுவில ஊசி மாதிரி ஒண்டு இருக்கோ? லேப்டாப்பைப் போடேக்க ஏதும் மெசேஜ் வருதோ?

பாளை_பையன்
டிசைன் 42,000, ஃபுல் 33,100. ஊசி இருக்கு. ஆன் பண்ணும்போது அடாப்டர் வகை தெரியலைன்னு இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வரும், ஒரு கீயைத் தட்டிட்டு உள்ளே போயிடுவேன். போன வாரம் நாற்காலிச் சக்கரம் வயர் மேல ஏறிடுச்சு. முனைக்குப் பக்கத்துல ரப்பர் கொஞ்சம் வெடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

யாழ்_நிலவன்
அதைத்தானே முதல்லயே சொல்லியிருக்கோணும்! 42,000க்கு 33,100 எண்டால் கிட்டத்தட்ட 79%. நாலு வருசத்துக்கு அது நல்ல பேட்டரி.

அந்த ஊசி கரண்ட் கொண்டு போறதில்லை. அடாப்டருக்குள்ள ஒரு குட்டிச் சில்லு இருக்கு, 'நான் 65 வாட்' (19.5 வோல்ட்டை 3.34 ஆம்பியரால பெருக்கினா வாறது) எண்டு அது லேப்டாப்புக்குச் சொல்ற வழிதான் அந்த ஊசி. அந்த மெல்லிய வயர் முனையடியில அறுந்தால், 19.5 வோல்ட் ஒழுங்கா வரும், மீட்டரும் சரியெண்டு காட்டும். ஆனா எவ்வளவு பாரம் தாங்குற அடாப்டர் எண்டு தெரியாததால லேப்டாப் சார்ஜ் ஏத்தாது, பிராசஸர் வேகத்தையும் குறைச்சுப்போடும். உங்கட ஸ்லோவும் இதே பிரச்சினைதான், வைரஸ் இல்லை.

முனையை மெல்ல ஒரு பக்கமா வளைச்சுப் பிடிச்சு, சார்ஜ் லைட் ஒருக்கா மின்னுதோ எண்டு பாருங்கோ. பிறகு அதே கம்பெனி 65 வாட் சார்ஜர் வச்சிருக்கிற ஆரிட்டையும் இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கோ. அதுக்கு முன்னம் பேட்டரிக்குக் காசு குடுக்க வேண்டாம்.

பழைய_சர்க்யூட்
நடு ஊசி இருக்குன்னு முதல் பதிவுலயே எழுதியிருந்தா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வயரை வெட்டி நீங்களே ஒட்டப் பாக்காதீங்க. உள்ளே மூணு வயர் நெருக்கமா இருக்கும், 19.5 வோல்ட் அந்த ஊசியில பட்டா போர்டே போயிடும்.

மின்மினி
இதுல அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ப்ராஜெக்ட் ஃபைலை இப்பவே பென் டிரைவ்ல ஏத்தி வச்சிடுங்க தம்பி.

பாளை_பையன் (ஞாயிறு காலை 11.15)
வளைச்சா லைட் ஒரு செகண்ட் வந்துட்டுப் போகுது. பக்கத்து ரூம் நண்பன் சார்ஜர் போட்டேன். 41% ஆயிடுச்சு, ஸ்லோவும் போயிடுச்சு!! எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம், கை வைக்கிற இடத்துல சுர்ருன்னு இருக்கு, அது இதனாலயா?

மின்மினி
இல்ல, அது எர்த் இல்லாததால. அடாப்டர்ல இரைச்சலை வடிகட்டுற ஒரு கெப்பாசிட்டர் இருக்கும், அது வழியா மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவு எர்த்துக்குப் போகணும். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் கன்வெர்ட்டர்ல மாட்டினா அது உங்க கை வழியா போகும். கன்வெர்ட்டரா போட்டிருக்கீங்க?

மின்மினி (புதன்)
வைவா எப்படிப் போச்சு தம்பி? ரூம்ல எர்த் இருக்கான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா? லேசான சுர்ருதான்னு விடாதீங்க. அதே பிளக்லதான் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் மாட்டுவீங்க.