பி.எஸ்சி. நர்சிங் முடித்து எச்4-இல் நியூஜெர்சி வந்திருக்கிறேன், ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸுக்கு எங்கே ஆரம்பிப்பது?

திண்டுக்கல்_சிஸ்டர்:
வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து, தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியூவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி எட்டு மாதமாக இங்கே, எச்4 விசா (எச்1பி-இல் வேலை பார்ப்பவரின் துணைக்குக் கொடுப்பது). எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) இல்லை, ஈஏடி (வேலை அனுமதி அட்டை) இல்லை, இவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடும் மனு) இப்போதுதான் போட்டிருக்கிறார்கள். என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை) எழுத வேண்டும் என்றால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எஸ்எஸ்என் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது என்கிறார் ஒருவர், இந்தியாவுக்குப் போய் எழுது என்கிறார் இன்னொருவர். வெண்டிலேட்டர் பார்த்த கையால் மூன்று வேளையும் சப்பாத்தி உருட்டிக்கொண்டிருக்கிறேன். யாராவது முதலிலிருந்து சொல்லுங்களேன். அப்புறம், டிகிரியில் என் பெயரோடு ஓர் இனிஷியல் மட்டும்தான், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில் இருக்கிறது. இது பிரச்சினையாகுமா?

நைட்_ஷிப்ட்_அக்கா:
சிஸ்டர், லைசென்ஸ் வேறு, வேலை அனுமதி வேறு. எச்4-இல் இருந்துகொண்டே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கலாம், ஈஏடி வந்தால்தான் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியும். ஐ-140 அப்ரூவ் ஆனதும் எச்4 ஈஏடிக்கு விண்ணப்பிக்கலாம், 2015-லிருந்து அந்த வசதி இருக்கிறது. அதற்குள் லைசென்ஸை முடித்து வைத்துவிடுங்கள்.

எஸ்எஸ்என் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் ஜெர்சியில் குடியிருந்தபடியே நியூயார்க்குக்குத்தான் விண்ணப்பித்தேன், அங்கே எஸ்எஸ்என் இல்லாமலும் லைசென்ஸ் கொடுக்கிறார்கள். பிறகு எஸ்எஸ்என் வந்ததும் எண்டார்ஸ்மெண்ட் (ஒரு மாநில லைசென்ஸை வைத்து இன்னொரு மாநிலத்தில் வாங்குவது) வழியாக ஜெர்சி லைசென்ஸும் வாங்கிக்கொண்டேன், மறுபடி பரீட்சை கிடையாது. கலிபோர்னியாவில் ஐடிஐஎன் (வரி கட்டுவதற்கான எண்) இருந்தால் போதும் என்று அங்கே போகச் சொல்வார்கள், ஆனால் ஒரு பாடத்தின் தியரியையும் கிளினிக்கலையும் ஒரே காலத்தில் முடித்தீர்களா என்று தேதி பார்த்து நோண்டுவார்கள். நம் ஊரில் போஸ்டிங் எந்த அழகில் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

என்கிளெக்ஸுக்குப் படிக்க எனக்கு நாலு மாதம் ஆனது, காகிதம் வந்து சேர பதினொரு மாதம். சிஜிஎஃப்என்எஸ் என்ற அமைப்பு (இப்போது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) நம் படிப்பைச் சரிபார்க்கும். நியூயார்க்குக்கு நான் எடுத்தது சிவிஎஸ் (சான்றிதழ் சரிபார்ப்பு), பல மாநிலங்கள் கேட்பது சிஇஎஸ் (படிப்பு மதிப்பீடு). இரண்டும் வேறு, மாற்றிப் பணம் கட்டிவிடாதீர்கள். காலேஜ் டிரான்ஸ்கிரிப்டும், சென்னையிலிருந்து கவுன்சிலின் வெரிஃபிகேஷனும் அவர்களுக்கு நேராகப் போக வேண்டும், நம் கை பட்டால் செல்லாது. என் காலேஜ் ஆபீசில் அதைச் சீல் வைத்த கவரில் போட்டு வீட்டு முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா பாசமாகப் பிரித்து, நனைந்துவிடக் கூடாதே என்று லேமினேட் வேறு போட்டு வைத்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து!

டிரான்ஸ்கிரிப்டில் மெடிக்கல் சர்ஜிக்கல், ஓபிஜி (பிரசவம், மகளிர் நோய்), பீடியாட்ரிக்ஸ், சைக்கியாட்ரி ஒவ்வொன்றுக்கும் தியரி மணி தனியாக, கிளினிக்கல் மணி தனியாக இருக்கிறதா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மார்க் மட்டும் போட்ட தாளுக்கு இங்கே மதிப்பில்லை.

ஐசியூ_பிரதர்:
அக்கா காகிதத்தைச் சொல்லிவிட்டார், நான் பரீட்சையைச் சொல்கிறேன். இந்தியாவுக்கெல்லாம் போக வேண்டாம் சிஸ்டர். சென்னையிலும் சென்டர் இருக்கிறது, ஆனால் அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் 200 டாலர் கட்டணத்துக்கு மேல் இன்னொரு 150 டாலர் கேட்பார்கள்.

5 மணி நேரம், குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150. நீங்கள் சரியாகப் போடப் போட அடுத்தது கடினமாக வரும், அதனால் "ஐயோ ஒன்றுமே தெரியவில்லையே" என்று தோன்றினாலும் மனம் தளராதீர்கள். எனக்கு இரண்டாம் தடவை 85-இல் திரை அணைந்தது, பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன், பாஸ். 2023 ஏப்ரலிலிருந்து கேஸ் ஸ்டடி வருகிறது, ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி. பொருந்தும் எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற வகைக்கு முன்பு ஒன்று விட்டாலும் பூஜ்யம், இப்போது ஓரளவு மார்க்காவது தேறும்.

நாம் சறுக்குவது டெலிகேஷனில் (எந்த வேலையை யாரிடம் விடுவது என்பதில்). நம் வார்டில் கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம் அட்டெண்டர் அம்மாவோ மருமகளோ பார்ப்பார்கள், நாம் மருந்து, ஐவி, சார்ட் என்று ஓடுவோம். இங்கே கேள்வியில் நர்சிங் அசிஸ்டெண்ட் நிற்பார். நிலையாக இருக்கும் நோயாளிக்கு பிபி, நாடி போன்ற வைட்டல்ஸ் எடுப்பதை அவரிடம் விடலாம். அசெஸ்மெண்ட் (நோயாளியின் நிலையை மதிப்பிடுவது), டீச்சிங் (அவருக்குச் சொல்லிக்கொடுப்பது), இவாலுவேஷன் (பலன் தெரிகிறதா என்று பார்ப்பது) மூன்றும் ஆர்.என். வேலை. இன்னொன்று, நமக்கு எதற்கெடுத்தாலும் "டாக்டரைக் கூப்பிடு" என்பது கைப்பழக்கம். மூச்சுத் திணறுகிறவரை நிமிர்த்தி உட்கார வைத்து ஆக்சிஜன் கொடுத்துவிட்டுத்தான் ஃபோன். அந்த ஒரு பழக்கத்தால் முதல் தடவை ஃபெயில் ஆனேன், 45 நாள் காத்திருந்து மறுபடி எழுதினேன்.

மருந்துப் பெயரையும் மாற்றிப் பழகுங்கள். பாரசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் அல்பியூட்டரால், பெத்திடின் மெப்பரிடின். டோலோ என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தால் நேரம் போய்விடும்.

கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து, ஒரு நல்ல கொஸ்டின் பேங்க் வாங்கி, தவறாகப் போட்ட ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

நைட்_ஷிப்ட்_அக்கா:
பிரதர், கையில் குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு கிளாஸ் என்று நேரம் வைத்தால்தான் புத்தகம் திறக்கும், எனக்கு அப்படித்தான் ஆனது. சிஸ்டருக்கு இப்போது நேரம் இருக்கிறது, அவர் தனியாகவே படிக்கலாம்.

மதுரைப்பொண்ணு_டெக்சாஸ்:
பெயர் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். சென்டரில் நீங்கள் காட்டும் ஐடியும் ஏடிடியில் (பரீட்சை எழுத வரும் அனுமதிக் கடிதத்தில்) இருக்கும் பெயரும் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். என் தோழிக்கு அப்படி நடந்தது, கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றில் கணவர் பெயர், இன்னொன்றில் அப்பா பெயர். டிகிரியிலும் கவுன்சில் பதிவிலும் இருக்கும் இனிஷியல் பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் ஒன்று எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தில் "வேறு பெயர்கள்" என்று கேட்கும் கட்டத்தில் பழைய வடிவத்தையும் எழுதிவிடுங்கள்.

திண்டுக்கல்_சிஸ்டர்:
எல்லோருக்கும் நன்றி, எட்டு மாதத்தில் யாரும் இப்படித் தெளிவாகச் சொல்லவில்லை. நியூயார்க் வழியாகவே போகிறேன். தம்பியைத் திங்கட்கிழமை காலேஜுக்கு அனுப்பி மணிக்கணக்கு விஷயத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் எந்தக் கவர் வந்தாலும் தொடாதே என்று சொல்லிவிட்டேன், "நான் எதுக்குடி பிரிக்கப்போறேன்" என்று கோபித்துக்கொண்டார். பிரதர், அந்த கொஸ்டின் பேங்கில் ஒரு நாளைக்கு எத்தனை போட்டீர்கள்?

ஐசியூ_பிரதர்:
75. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.