தேவசகாயம் என்ற பெயரைத் தேடி வடக்கன்குளம் போன நாள்

எங்கள் குடும்பத்தில் இரண்டு தேவசகாயங்கள். ஒருவர் தாத்தா, இன்னொருவன் அவர் பெயரை வைத்துக்கொண்ட என் தம்பி. பாளையங்கோட்டையில் நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை, புனிதர் திருவிழாக்கள் எங்களுக்குப் பழக்கமில்லை. போன ஜனவரி 14, ஊரெல்லாம் பொங்கல் பானை வைத்திருந்த காலையில், புனித தேவசகாயத்தின் திருவிழாவுக்கு வடக்கன்குளத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி அழைத்ததால் பஸ் ஏறினேன்.

1745 மே 14 அன்று பின்னாளில் புனித தேவசகாயமான நட்டாலத்து நீலகண்டப் பிள்ளை திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானது இந்த ஊரில்தான். ஆடுமாடும் பயிரும் அழிந்து மனம் நொந்திருந்த அவருக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னவர், குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவரான டச்சுக்காரர் டிலனாய். அவர் அனுப்பித்தான் இங்கிருந்த இயேசு சபைக் குரு புத்தாரியிடம் வந்தார். சூட்டிய பெயர் லாசரு. எபிரேயத்தில் எலெயாசார், அதாவது ‘கடவுள் உதவினார்’. அதைத்தான் தமிழில் தேவசகாயம் ஆக்கினார்கள். நாற்பது வருடமாக வீட்டில் கூப்பிட்ட பெயருக்குள் லாசரு இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மதியம் காவல்கிணறு, முப்பந்தல் வழியாக ஆரல்வாய்மொழி. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக் கொன்ற காற்றாடிமலையில் நிற்க இடமில்லை. மணியடிச்சான் பாறையைப் பிள்ளைகள் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன். வெண்கல மணியின் ஓசையேதான், உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் உயிர் பிரிந்தபோது இந்தப் பாறை மணிபோல் ஒலித்தது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை.

இறந்த நாளை எதற்குத் திருவிழாவாகக் கொண்டாட வேண்டும்? இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர ஆயராக இருந்த போலிகார்ப்பு காலத்திலிருந்தே, மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர், உயிர்விட்ட நாளைப் பிறந்தநாள் என்றுதான் திருச்சபை சொல்லி வருகிறது, விண்ணகத்தில் பிறந்த நாள். அது புரிந்தது. பெயர்தான் உறுத்தியது.

“சித்தி, கடவுள் உதவினார் என்று பெயர். கடைசியில் சுட்டுத்தானே கொன்றார்கள்?”

சித்தி உடனே பேசவில்லை. மலையிறங்கி பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்: “எருக்கம்பூ மாலை போட்டு, எருமைமேல் திருப்பி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்தார்கள். மூன்று வருடச் சிறை. கிறிஸ்தவத்தை விட்டுவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லையே, அந்தப் பலத்தைக் கொடுத்தது யார்?”

இன்றுவரை அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராதாபுரம் பக்கத்து உறுப்பினர் ஒருவர்:
அண்ணன் எழுதியதோடு அவர் மனைவியையும் சேர்க்க வேண்டும். பார்கவியும் வடக்கன்குளத்தில்தான் திருமுழுக்குப் பெற்றார். தெரேசா என்ற பெயரை ஞானப்பூ என்று தமிழாக்கினார்கள். கணவர் கொல்லப்பட்டபின் இந்த ஊரில் வாழ்ந்து இங்கேயே அடக்கமானார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் ஆச்சி வாய்விட்டுச் சொன்னது ஞானப்பூ பெயரைத்தான். அந்த அம்மாள் தனியே கிடந்த வருடங்களை யாரும் திருவிழாவாக எடுப்பதில்லை என்று ஆச்சிக்குத் தீராத வருத்தம்.

முதலில் எழுதியவர்:
ஆச்சி சொன்னது நியாயம். அன்று அவசரத்தில் ஞானப்பூவை விசாரிக்கவே இல்லை. மே 14 அன்று தம்பியையும் கூட்டிக்கொண்டு வடக்கன்குளம் வருகிறோம். கல்லறைத் தோட்டத்துக்கு முதலில் போகச் சொல்லிவிட்டேன்.