பென்சில்வேனியா ஜெர்மன் முன்னோர்: பழைய சர்ச் பதிவேடு படிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் வழி முன்னோரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டிக்காரர்கள், குடும்பப் பெயர் மில்லர். 1790 சென்சஸ் வரை போய்விட்டேன். அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

அதற்கு முன்னால்தான் சிக்கல். 1727 முதல் பிலடெல்பியாவில் வந்திறங்கிய ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பட்டியல்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. ஆனால் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் மட்டுமே கையெழுத்துப் போட்டார்கள். எழுதத் தெரியாதவர் குறி போட, குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி பெயரை எழுதிவைத்தார். போதாததற்கு, ஒரே வீட்டில் அண்ணன் தம்பி எல்லோருமே யோஹான்! கூப்பிடும் பெயர் அதற்கு அடுத்துதான் வரும். மில்லர் என்பதன் ஜெர்மன் வடிவம் முல்லர்; இத்தனை யோஹான் முல்லர்களில் எங்கள் ஆள் யார்?

கையில் ஒரு லூத்தரன் ஞானஸ்நானப் பதிவேட்டுப் பக்கம் இருக்கிறது, குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து முறையில். தந்தை பெயர் தெரிகிறது, ஞானப்பெற்றோர் வரி மட்டும் பிடிபடவில்லை. அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவோ ஊர்க்காரர்களாகவோ இருப்பார்கள் என்பதால், அதுதான் எனக்கு முக்கியம். குர்ரென்ட் வாசிக்கத் தெரிந்தவர்கள் சொன்னால் படத்தைப் போடுகிறேன்.

அப்புறம், பெர்க்ஸ் கவுண்டி 1752-ல்தான் உருவானது. அதில் துல்பெஹாக்கன் பக்கம் என்றால் அதற்கு முந்தைய ஆவணங்கள் லான்காஸ்டர் கவுண்டியில், ஓலி பக்கம் என்றால் பிலடெல்பியா கவுண்டியில். பகுதியே தெரியாத நிலையில் வரிப் பட்டியலில் ஆரம்பிப்பதா, நிலப் பதிவுகளிலா? தேடிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.