கூட வேலை பாக்குறவங்கள சர்வீஸ் அவார்டுக்கு நாமினேட் பண்றேன், லெட்டர் எப்படி எழுதுறது?

துறைவாசி:
எங்க டிபார்ட்மெண்ட் மேடம் ஒருத்தங்கள எங்க அசோசியேஷன் குடுக்குற சர்வீஸ் அவார்டுக்கு நாமினேட் பண்ணலாம்னு இருக்கேன். 14 வருஷமா டைம்டேபிள், எக்ஸாம் போர்டு, அக்ரெடிடேஷன் (காலேஜோட தர அங்கீகாரம்) ஃபைல், புதுசா வர்ற ஆசிரியர்களுக்கு கிளாஸ் எடுக்க சொல்லிக்குடுக்குறது எல்லாமே அவங்க தலையிலதான், நான் சேர்ந்த முதல் செமஸ்டர்ல அவங்க மட்டும் இல்லன்னா வேலைய விட்டுட்டுப் போயிருப்பேன். ஆனா எழுத உக்காந்தா "அர்ப்பணிப்பு, பொறுமை, கடின உழைப்பு"ன்னு யாருக்கு வேணா பொருந்துற மாதிரியே வருது. ரெண்டு பக்கத்துக்கு மேல போகக்கூடாது, இன்னும் 3 வாரம் இருக்கு. அவங்ககிட்ட சொல்லிட்டு செய்யணுமா, இல்ல சொல்லாமலே அனுப்பிடலாமா?

பழையகமிட்டி:
சொல்லிடுங்க. பல இடத்துல சம்மதக் கையெழுத்தும் சிவியும் கேப்பாங்க, அதுக்கும் மேல அவங்க செஞ்சதுல பாதி உங்களுக்கே தெரிஞ்சிருக்காது. நான் செலக்‌ஷன் கமிட்டில இருந்திருக்கேன், கட்டுக்கட்டா லெட்டர் படிக்கிறப்போ அர்ப்பணிப்புன்ற வார்த்தை கண்ணுலயே படாது, மனசுல நிக்கிறது அவங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி எப்படி கெடந்துச்சு, அப்புறம் என்ன ஆச்சுன்றதுதான். உதாரணத்துக்கு, மறுமதிப்பீட்டு புகாரை யார் பாக்கணும்னே தெரியாம இருந்துச்சு, இவங்க ஒரு நடைமுறை எழுதிவெச்சாங்க, இப்போ இவங்க லீவுல இருந்தாலும் வேலை நடக்குதுன்னு எழுதுனா அது ஒண்ணே போதும். இன்னொண்ணு, குடுக்குறது அசோசியேஷன்னா சொந்த காலேஜுக்கு செஞ்சத மட்டும் பாக்க மாட்டாங்க. ஜர்னலுக்கு ரிவ்யூ (வர்ற ஆய்வுக் கட்டுரைய படிச்சு மதிப்பிடுறது), கான்ஃபரன்ஸ் வேலை, வெளி மாணவர்களுக்கு வழிகாட்டுனதுன்னு ஏதாவது இருக்கான்னு அவங்ககிட்டயே கேளுங்க. அசோசியேஷன் குடுத்திருக்கிற அளவுகோல் வரிசையிலயே லெட்டரும் போகட்டும், மார்க் போடுறவங்க தேட வேண்டியிருக்காது.

நூலகமூலை:
மேடம்னு சொன்னதால ஒண்ணு சொல்லணும். ட்ரிக்ஸ், சென்கான்னு ரெண்டு பேர் 2003ல ஒரு ஆய்வு போட்டாங்க, அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் ஒண்ணுல வேலைக்கு எடுத்தவங்களுக்காக வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரை லெட்டர்கள எடுத்து பாத்தாங்க. பெண்களுக்கு எழுதுனது சராசரியா நீளம் கம்மி, உழைப்பாளின்ற மாதிரி வார்த்தை அதிகம், ஆராய்ச்சிய பத்தின பேச்சு ஆண்களுக்கு எழுதுனதுல அதிகம். எழுதுனவங்க எல்லாம் நல்ல மனசோட பரிந்துரை பண்ணவங்கதான், தெரியாமலே அப்படி விழுந்திருக்கு. அதனால "உதவியா இருந்தாங்க"ன்னு வர்ற இடத்தையெல்லாம் திரும்ப பாருங்க. அவங்க உருவாக்குனதுன்னா உருவாக்குனாங்கன்னே எழுதுங்க.

மாலைவகுப்பு:
நல்ல காரியம், தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா 14 வருஷம் ஒருத்தர் தலையிலயே இத்தனையும் ஏத்திட்டு கடைசில ஒரு ஷீல்டு குடுக்குறது எனக்கு வலிக்குது. ப்ரமோஷன்ல பப்ளிகேஷன எண்ணுற மாதிரி இந்த வேலைய யாரும் எண்ணுறதில்ல. நாமினேஷனுக்கு திரட்டுன ஆதாரத்த அவங்க ப்ரமோஷன் ஃபைல்லயும் சேருங்க, கிளாஸ் லோடு குறைக்கச் சொல்லி துறைத் தலைவர்கிட்ட பேசவும் அதே காகிதம் உதவும்.

துறைவாசி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அவங்ககிட்ட சொன்னேன், முதல்ல வேணவே வேணாம்னாங்க, சரி விவரம் மட்டும் சொல்லுங்கன்னு உக்காந்தா ரெண்டு மணி நேரம் போச்சு. வேற காலேஜ் பிஎச்டி மாணவர்களுக்கு பேப்பர் ரிவ்யூ எப்படி பண்ணணும்னு 6 வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஆன்லைன்ல சொல்லிக்குடுத்திருக்காங்க, பக்கத்து டேபிள்ல இருக்குற எனக்கு தெரியல. ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க, அக்ரெடிடேஷன் ஃபைல் வேலைல பாதிய செஞ்ச ஆபீஸ் உதவியாளர் பேரும் லெட்டர்ல வரணுமாம். அப்படி போட்டா இவங்க மதிப்பு குறையுமா?

பழையகமிட்டி:
குறையாது, தாராளமா போடுங்க. யார் எதை செஞ்சாங்கன்னு பிரிச்சு எழுதுன லெட்டர கமிட்டி கூடுதலா நம்பும். இங்கிலாந்துல 2016லேர்ந்து டீமா சேர்ந்து செஞ்ச கற்பித்தலுக்குன்னே தேசிய அளவுல தனி அவார்டு இருக்கு, உங்க அசோசியேஷன்லயும் டீமுக்குன்னு பிரிவு இருந்தா அடுத்த வருஷம் ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்க. இப்போதைக்கு அந்த சனிக்கிழமை கிளாஸ முதல் பாராவுக்கு கொண்டுவாங்க.