வா பெடலுக்கு ‘அங்காப்பு மிதி’

அனைவருக்கும் வணக்கம்.

வா பெடல் என்பது, காலால் சாய்க்கும்போது கிட்டாரின் ஒலியை ‘வா… வா’ என்று வாய் திறப்பதுபோல் மாற்றும் கருவி. அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் இதுவரை வந்த சொற்களில் ‘வாவா மிதி’, ‘அலைவொலி மிதி’ இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. முன்னது வாக்கியத்துக்குள் வந்தால் யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறது. பின்னது பொருளிலேயே பிழை. ஒலியளவு ஏறி இறங்கும் டிரெமோலோவுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

இங்கே நடப்பது வேறு. தட்டைக் காலால் சாய்க்கும்போது அடியிலுள்ள பற்சட்டம் மின்தடை மாற்றியின் தண்டைத் திருப்புகிறது. அதனால் வடிகட்டியின் முகடு, அதாவது அது மிகுதியாக எடுத்துக்காட்டும் அதிர்வெண், ஏறத்தாழ 400 ஹெர்ட்ஸிலிருந்து 2,000 ஹெர்ட்ஸ் வரை நகர்கிறது. குதிகால் அழுந்தியிருந்தால் ‘ஊ’; முன்பாதம் அழுந்தினால் ‘ஆ’. நம் வாயும் இதைத்தான் செய்கிறது: குவிந்த இதழ் விரிந்து வாய் திறக்க, வாயறையின் ஒத்ததிர்வு மேலே போகிறது. நன்னூல் உகரத்துக்கு இதழ்குவிவையும் அகரத்துக்கு அங்காப்பையும், அதாவது வாய் திறத்தலையும், சொல்கிறது. இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்? ‘அங்காப்பு மிதி’ என்பதே என் முன்மொழிவு.

கருவியின் வரலாறும் இதற்கு இசைவானது. 1966இல் அமெரிக்காவில் உருவான முதல் வா பெடலுக்கு டிரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரைச் சூட்டினார்கள். டிரம்பெட்டின் வாயை அடைப்பானால் மூடித் திறந்து அவர் எழுப்பிய ஒலி அது.

தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிட்டாருக்குத் தனி அடைமொழி தேவை. அதன் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. வழக்கமான கிட்டார் மிதியின் முகடோ அதற்கு வெகு மேலே இருக்கிறது. மிதித்தவுடன் அடியொலி கரைந்து, பாட்டின் தரையே நழுவிவிடும். டன்லப் 105கியூ போன்ற பேஸ் மிதிகள் கீழ் அதிர்வெண்களைத் தொடாமல் விட்டு, மேற்பகுதியை மட்டும் அங்காக்க விடுகின்றன. இவ்வகைக்கு ‘மெலிவு அங்காப்பு மிதி’ என்றார் நண்பர். கீழ், நடு, மேல் ஸ்தாயிகளைக் குறிக்கும் மெலிவு, சமன், வலிவு பழந்தமிழ் இசைச்சொற்கள்தான். ஆனால் இன்றைய வாசகர் மெலிவு என்றால் சத்தம் குறைந்தது என்றே கொள்வார். மந்தரம் என்பதும் கீழ் ஸ்தாயிதான்; ‘மந்தர அங்காப்பு மிதி’ என்றால் கர்நாடக இசை கேட்பவருக்கும் உடனே விளங்கும்.

அமெரிக்க பேஸ் கலைஞர் பூட்ஸி காலின்ஸ் பயன்படுத்திய மியூட்ரான் என்ற கருவி வகையில் சாயும் தட்டு கிடையாது. கம்பியை ஓங்கிச் சுண்டினால் வடிகட்டி தானே திறக்கும். அதை மிதி என்பது பொருந்தாது, ‘தன்னங்காப்பி’ எனலாம்.

‘அங்காப்பு’ கடினமான சொல் என்போர், ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்கு நகரும் இந்தச் செயலைக் குறிக்கும் எளிய மாற்றுச்சொல் ஒன்றையும் முன்வைக்க வேண்டுகிறேன்.