ஒரு கைப்பிடி பழைய மரத்தூள்

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த புதிதில், எங்கள் துறையின் விலங்குக் கூடத்தில் வெள்ளைச் சுண்டெலிகளைப் பராமரிக்கும் பொறுப்பு ஓராண்டு என்னிடம் இருந்தது. ஒரே ஈற்றில் பிறந்து ஒன்றாகவே வளர்ந்த நான்கு ஆண் எலிகளை ஒருநாள் கழுவிய கூண்டுக்கு மாற்றினேன். பழகிய வாசனை இருந்தால் அவை மிரளாது என்று நானாகவே எண்ணிக்கொண்டு, பழைய கூண்டின் மூலையில் சிறுநீரில் ஊறிக் கிடந்த மரத்தூளில் ஒரு கைப்பிடி அள்ளிப் புதியதில் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்று வாலைப் படபடவென்று தரையில் அடித்தது. அடுத்த நொடி இரண்டு எலிகள் பந்தாக உருண்டன. மறுநாள் காலையில் மூன்றின் முதுகிலும் வாலடியிலும் கடிக்காயங்கள் இருந்தன. நான்காவதன் உடலில் ஒரு கீறலும் இல்லை. கடித்தது யார் என்று விசாரிக்கத் தேவைப்படவில்லை.

கூடத்தில் நெடுங்காலமாகப் பணியாற்றிய அண்ணன் ஒருவர், "தம்பி, தூளை எடுக்காதீங்க, அதுங்க கூடு கட்டின தாளை மட்டும் எடுத்து வைங்க" என்றார். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவும் ஏறக்குறைய அதுவே என்பதைப் பின்னர் படித்தபோது, அவர் மீதான மதிப்பு இன்னும் கூடியது.

ஆண் சுண்டெலியின் சிறுநீரில் புரதம் ஏராளமாக உண்டு. எளிதில் ஆவியாகும் வாசனை மூலக்கூறுகளை அப்புரதம் தன் குழிவுக்குள் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடுவதால், ஓர் எலி இட்ட குறி நெடுநேரம் மணக்கிறது. அதோடு, புரதமே ஒரு சமிக்ஞையாகவும் செயல்படுகிறது. விதை நீக்கப்பட்ட ஆண் எலியைக் கூண்டுக்குரிய ஆண் பெரும்பாலும் தாக்குவதில்லை. ஆனால் அதன் முதுகில் இந்தப் புரதத்தைத் தடவிவிட்டால் தாக்குகிறது என்று கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வுக் குழுவினர் 2007-இல் காட்டினர். இதை உணர்வது, மூக்கின் அடிப்பகுதியில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு. அதன் நரம்பணுக்கள் செயல்படத் தேவையான ஒரு மரபணுவை நீக்கிய ஆண் எலிகள், உள்ளே நுழைந்த அயல் ஆணுடன் சண்டையிடாமல் அதனோடு இணைசேர முயன்றன என்பது 2002-இல் வெளியான ஆய்வு. என்னை மிகவும் வியக்க வைத்தது அதுதான். கண்ணெதிரே நிற்பது ஆண் என்பதைக்கூட மூக்குதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதன்பின் கூட்டுத் தாளை மட்டுமே புதிய கூண்டுக்கு மாற்றினேன். சண்டை குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. காயமில்லாத அந்த நான்காவது எலியைத் தனிக்கூண்டில் வைக்க நேர்ந்தது. ஒருமுறை அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, கையுறையை மாற்ற மறந்து பக்கத்துக் கூண்டுக்குள் கையை நீட்டினேன். அங்கிருந்த ஆண் எலி என் விரல் நுனியைச் சில நொடிகள் மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தரையில் அடிக்கத் தொடங்கியது.